ஜாவா நிரலுக்குள்ளேயே வலைச் சர்வர்: இயக்குவதும் சோதிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவா, கோட்லின், ஸ்காலா என எந்த மொழியில் எழுதினாலும் சரி, ஜேவிஎம்மில் (ஜாவா நிரல்களை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) ஓடும் நிரலுக்குள் வலைச் சர்வரை வைத்து இயக்குவோருக்கும் அதற்குச் சோதனை எழுதுவோருக்கும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. ஜெட்டி 12, டாம்கேட், ஸ்பிரிங் பூட், ஜேடிகேயுடன் (ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்பு) வரும் சிறிய சர்வர் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரலுக்குள் இருக்கும் சர்வர், நீங்கள் உருவாக்கிய இன்னொரு ஆப்ஜெக்ட். தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், உண்மையான போர்ட்டில் உண்மையான கோரிக்கை அனுப்பிச் சோதிப்பது மிக எளிது. எளிது என்பதால் அதைத் தள்ளிப்போடக் காரணமும் இல்லை.

உட்பொதிந்த சர்வர் என்றால் என்ன? பழைய முறையிலிருந்து எதில் வேறுபடுகிறது?

முன்பெல்லாம் டாம்கேட்டோ வேறொரு சர்வரோ ஒரு கணினியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். நாம் எழுதிய செயலியை வார் கோப்பாகக் கட்டி அதன் கோப்புறையில் போடுவோம். தொடங்குவதும் நிறுத்துவதும், த்ரெட்டுகளை (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழைகள்) பார்த்துக்கொள்வதும் சர்வரின் வேலை. நம் நிரல் அதற்குள் ஒரு விருந்தாளி.

உட்பொதிந்த முறையில் இந்த உறவு தலைகீழாகிறது. நம் நிரலின் மெயின் மெத்தட் தொடங்குகிறது. அது சர்வர் ஆப்ஜெக்டை உருவாக்கி ஸ்டார்ட் செய்கிறது. 1995-இல் கிரெக் வில்கின்ஸ் தொடங்கிய ஜெட்டி இந்த எண்ணத்தை வெகுகாலமாகவே முன்வைத்து வருகிறது: செயலியை ஜெட்டிக்குள் வைக்காதீர்கள், ஜெட்டியைச் செயலிக்குள் வையுங்கள் என்பதுதான் அதன் முழக்கம். 2014-இல் ஸ்பிரிங் பூட் 1.0 வந்த பிறகு இதுவே பெரும்பாலோரின் வழக்கமாகிவிட்டது. ஜென்கின்ஸை ஒரே கட்டளையில் இயக்கும்போது உள்ளே ஓடுவது ஜெட்டிதான். அப்பாச்சி ஸ்பார்க் தன் நிலவரத்தை 4040 என்ற போர்ட்டில் காட்டுகிறதே, அதுவும் உட்பொதிந்த ஜெட்டிதான். அந்தப் போர்ட் பிடிபட்டிருந்தால் ஸ்பார்க் 4041-ஐ முயலும்.

எந்தச் சர்வரைத் தேர்ந்தெடுப்பது?

ஸ்பிரிங் பூட் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதனுடன் வரும் டாம்கேட்டையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு உறுதியான காரணம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். அண்டர்டோ என்ற மாற்றுச் சர்வரில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்பிரிங் பூட் 4-இல் அண்டர்டோவுக்கு ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது.

ஸ்பிரிங் இல்லாமல், ஒரு கருவிக்குள் நிர்வாகப் பக்கமோ சிறிய ஏபிஐயோ வேண்டுமென்றால் ஜெட்டி என் முதல் தேர்வு. நிரலிலிருந்தே ஒவ்வோர் உறுப்பையும் கோத்துக்கொள்ளும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று முகவரிகளுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும், வெளி நூலகம் எதுவும் வேண்டாம் என்றால் ஜேடிகேயிலேயே இருக்கும் 'எச்டிடிபிசர்வர்' கிளாஸ் போதும். ஜாவா 6 முதல் அது இருக்கிறது. ஜாவா 18-இல் வந்த 'ஜேவெப்சர்வர்' என்ற கட்டளை, கோப்புறையில் உள்ள கோப்புகளைக் காட்டுவதற்கு மட்டுமே. கெட், ஹெட் ஆகிய இரண்டு கோரிக்கைகளைத்தான் அது ஏற்கும். எதுவும் குறிப்பிடாவிட்டால் 8000-ஆம் போர்ட்டில், அதே கணினியிலிருந்து மட்டும் கிடைக்கும்.

சர்வரைத் தொடங்கினேன். மெயின் முடிந்ததும் நிரலும் முடிந்துவிடுகிறது. சக ஊழியருக்கோ நிரல் முடியவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஜேவிஎம் எப்போது முடியும் என்பதை டீமன் (நிரல் முடிவதைத் தடுக்காத பின்னணி த்ரெட்) அல்லாத த்ரெட்டுகள் முடிவு செய்கின்றன. அப்படி ஒரு த்ரெட் உயிரோடு இருக்கும்வரை நிரல் ஓடும்.

ஜெட்டியின் த்ரெட்பூல் இயல்பில் டீமன் அல்ல. ஆகவே மெயின் முடிந்தாலும் நிரல் நிற்காது. 'ஜாயின்' மெத்தடை அழைப்பது, சர்வர் நிற்கும்வரை மெயின் த்ரெட்டையும் காத்திருக்கச் செய்வதற்குத்தான். உட்பொதிந்த டாம்கேட்டில் இது நேர்மாறு. அதன் த்ரெட்டுகள் இயல்பில் டீமன். 'கெட்சர்வர்' மூலம் சர்வரைப் பெற்று 'அவைட்' செய்யாவிட்டால், மெயின் முடிந்ததும் எல்லாம் அணைந்துவிடும். ஸ்பிரிங் பூட் இதற்கென ஒரு டீமன் அல்லாத த்ரெட்டைத் தானே தொடங்கி வைப்பதால் அங்கே இந்தச் சிக்கல் தெரிவதில்லை.

சோதனை முடிந்த பிறகும் ஜேவிஎம் தொங்கிக்கொண்டிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்: எங்கோ ஒரு சர்வர் நிறுத்தப்படவில்லை. 'ஜேஸ்டாக்' கட்டளையால் த்ரெட்டுகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.

உட்பொதிந்த டாம்கேட் பிழையே இல்லாமல் தொடங்குகிறது. ஆனால் இணைய முடியவில்லை.

டாம்கேட் 9 முதல், ஸ்டார்ட் செய்யும் முன் 'கெட்கனெக்டர்' மெத்தடை ஒருமுறை அழைத்தாக வேண்டும். அழைத்தால்தான் கனெக்டர், அதாவது போர்ட்டில் இணைப்புகளை ஏற்கும் உறுப்பு, உருவாகும். இல்லையென்றால் சர்வர் எந்தப் போர்ட்டையும் திறக்காமலேயே நிம்மதியாக ஓடும். கூடவே 'செட்பேஸ்டிர்' மூலம் ஒரு தற்காலிகக் கோப்புறையையும் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் நிரல் ஓடும் இடத்தில் 'டாம்கேட்.8080' போன்ற பெயரில் ஒரு கோப்புறை முளைக்கும்.

ஜெட்டி 12-இல் என் ஹேண்ட்லர் ஓடுகிறது, ஆனால் உலாவி காத்துக்கொண்டே இருக்கிறது.

ஜெட்டி 12-இன் ஹேண்ட்லருக்கு (கோரிக்கையைக் கையாளும் உங்கள் நிரல்பகுதி) கோரிக்கை, மறுமொழி, கால்பேக் (வேலை முடிந்ததைத் தெரிவிக்கும் ஆப்ஜெக்ட்) என மூன்று வந்து சேரும்; ஹேண்ட்லர் ஒரு பூலியன் மதிப்பைத் திருப்ப வேண்டும். 'உண்மை' என்று திருப்பினால் "இந்தக் கோரிக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உறுதி கொடுத்ததாகப் பொருள். அந்த உறுதியைக் கால்பேக்கை நிறைவு செய்துதான் காப்பாற்ற முடியும். அதை மறந்தால் மறுமொழி முடிந்துவிட்டது என்பதே ஜெட்டிக்குத் தெரியாது, எதிர்முனை காத்திருக்கும். 'பொய்' என்று திருப்பினால் அடுத்த ஹேண்ட்லருக்குப் போகும். யாருமே ஏற்கவில்லை என்றால் 404.

பழைய பதிப்புகளில் மெத்தட் முடிந்தாலே மறுமொழியும் முடிந்துவிடும் என்று பழகியவர்கள் இங்கே கட்டாயம் தடுமாறுவார்கள். ஒவ்வொரு கிளைவழியிலும், பிழை ஏற்படும் கிளையிலும்கூட, கால்பேக் வெற்றியாகவோ தோல்வியாகவோ முடிகிறதா என்பதற்குச் சோதனை எழுதுங்கள். கோரிக்கைக்கு இரண்டு விநாடிக் கெடு வைத்தாலே போதும். மறந்த கிளை உடனே தெரிந்துவிடும்.

ஜேடிகே சர்வரில் ஆங்கில மறுமொழி சரியாக வருகிறது. தமிழ் எழுதினால் உடைகிறது. ஏன்?

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்தச் சர்வரில் மறுமொழி உடலை எழுதுவதற்கு முன் 'செண்ட்ரெஸ்பான்ஸ்ஹெடர்ஸ்' மெத்தடுக்கு நிலை எண்ணையும் உடலின் நீளத்தையும் கொடுக்க வேண்டும். அந்த நீளம் பைட் கணக்கில் இருக்க வேண்டும். ஆனால் பலரும் ஸ்ட்ரிங்கின் 'லெங்த்' மதிப்பை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் இரண்டும் ஒன்றாக இருந்துவிடும். தவறு வெளியே தெரியாது. 'வணக்கம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவாவின் கணக்கில் அதன் நீளம் 7, புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், மொத்தம் 21. ஏழு பைட் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு இருபத்தொன்றை எழுத முயன்றால், அளவுக்கு மீறி எழுதுகிறீர்கள் என்று ஐஓஎக்செப்ஷன் வரும். எதிர்முனைக்கு 200 என்ற நிலை எண் ஏற்கெனவே போயிருக்கலாம். உடல் மட்டும் போய்ச் சேராது.

சரியான வழி: முதலில் ஸ்ட்ரிங்கை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு பைட் வரிசையாக மாற்றுங்கள், பிறகு அந்த வரிசையின் நீளத்தைக் கொடுங்கள். ஜாவா 18 முதல் இயல்புக் குறியாக்கம் எல்லாக் கணினிகளிலும் யூடிஎஃப்-8தான். அதற்கு முன் அது இயங்குதளத்தைப் பொறுத்து மாறியது. விண்டோஸில் தமிழ் கேள்விக்குறிகளாகப் போன கதை பலருக்கும் தெரியும்.

இதே மெத்தடில் இன்னொரு கண்ணியும் உண்டு. நீளமாக 0 கொடுத்தால் 'உடல் இல்லை' என்று பொருளாகாது. 'நீளம் தெரியாது, துண்டு துண்டாக அனுப்புகிறேன்' என்று பொருள். உடல் இல்லாத மறுமொழிக்கு −1 கொடுக்க வேண்டும்.

செர்வ்லெட் (ஜாவாவில் வலைக் கோரிக்கைகளைக் கையாளும் பொதுவான முறை) பக்கமும் தமிழுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. குறியாக்கம் எதையும் சொல்லாமல் 'கெட்ரைட்டர்' வாங்கினால் செர்வ்லெட் விதிப்படி ஐஎஸ்ஓ-8859-1 பயன்படும். அதில் தமிழுக்கு இடமே இல்லை.

எனவே என் பரிந்துரை உறுதியானது: சோதனைத் தரவில் தமிழ் இருக்கட்டும். 'ஹலோ' என்று எழுதிச் சோதிப்பது பாதிச் சோதனைதான். முகவரியிலும் ஒரு தமிழ்ச் சொல்லை வையுங்கள். ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியீட்டில் 9 எழுத்துகளாக விரிந்து போய், மறுபக்கம் சரியாக மீள்கிறதா என்று பாருங்கள். நம் வாசகருக்கு முதலில் உடையப்போவது இந்த இடம்தான்.

அதே ஜேடிகே சர்வர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கையாள்கிறதே?

எக்ஸிக்யூட்டர் (வேலைகளை த்ரெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆப்ஜெக்ட்) கொடுக்கவில்லை என்றால் கோரிக்கைகளைப் பிரித்தளிக்கும் அதே த்ரெட்டே ஹேண்ட்லரையும் ஓட்டும். 'செட்எக்ஸிக்யூட்டர்' மூலம் ஒன்றைக் கொடுங்கள். ஜாவா 21-இல் இருந்தால் வர்ச்சுவல் த்ரெட் (ஜேவிஎம்மே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்) எக்ஸிக்யூட்டரைக் கொடுத்துவிடலாம்.

சோதனையில் எந்தப் போர்ட்டைப் பயன்படுத்துவது?

பூஜ்யம். வேறு எந்த எண்ணையும் எழுதாதீர்கள்.

போர்ட் 0 என்று கேட்டால், காலியாக இருக்கும் ஒரு போர்ட்டை இயங்குதளமே தேர்ந்து கொடுக்கும். லினக்ஸில் அது வழக்கமாக 32768 முதல் 60999 வரையிலான எண்களில் ஒன்றாக இருக்கும். சர்வர் தொடங்கிய பிறகு உண்மையான எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்: ஜெட்டியிலும் டாம்கேட்டிலும் கனெக்டரின் 'கெட்லோக்கல்போர்ட்', ஜேடிகே சர்வரில் 'கெட்அட்ரஸ்' தரும் முகவரியின் 'கெட்போர்ட்', ஸ்பிரிங் பூட்டில் 'ரேண்டம்போர்ட்' சூழலோடு சோதனையை இயக்கி, 'லோக்கல்சர்வர்போர்ட்' குறிப்பிட்ட மாறியில் எண்ணைப் பெறுவது.

சிலர் முதலில் ஒரு சாக்கெட்டைப் பூஜ்யத்தில் திறந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மூடிவிட்டு, அந்த எண்ணில் சர்வரைத் தொடங்குகிறார்கள். மூடுவதற்கும் திறப்பதற்கும் இடையே வேறொரு நிரல் அந்தப் போர்ட்டை எடுத்துவிடலாம். பல சோதனைகள் இணையாக ஓடும் பில்ட் சர்வரில் இது வெறும் சாத்தியமல்ல, நடக்கிற விஷயம். சர்வரே பூஜ்யத்தில் திறக்கட்டும், இடைவெளியே இருக்காது.

இதற்கு உங்கள் நிரலின் அமைப்பும் ஒத்துழைக்க வேண்டும். போர்ட் எண்ணை வெளியிலிருந்து வாங்கி, தொடங்கிய பின் உண்மையான எண்ணைத் திருப்பித் தரும் ஒரு கிளாஸாகச் சர்வரைக் கட்டுங்கள். அதில் 'ஸ்டார்ட்', 'போர்ட்', 'குளோஸ்' மூன்றும் இருந்தால் போதும். மெயின் மெத்தட் 8080 கொடுத்து அதை அழைக்கும். சோதனை 0 கொடுத்து அழைக்கும். மெயினுக்குள்ளேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டால், பிறகு சோதனை எழுதுபவர் படும்பாடு கொஞ்சமல்ல.

"முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்ற பிழை வருகிறது. என்ன செய்வது?

பைண்ட்எக்செப்ஷன் என்ற பெயரில் வரும் இது, பெரும்பாலும் முந்தைய ஓட்டம் சரியாக நிற்கவில்லை என்பதன் அடையாளம். லினக்ஸில் 'எஸ்எஸ்' அல்லது 'எல்சாஃப்' கட்டளையால் அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கும் நிரலைக் கண்டுபிடியுங்கள். போர்ட் எண்ணை மாற்றி ஒதுங்கிப்போவது தீர்வல்ல. நிறுத்தப்படாத சர்வர் அங்கேயே இருக்கும், அடுத்தமுறை இன்னொரு எண்ணில் முட்டும்.

சர்வரே இல்லாமல் சோதிக்க ஸ்பிரிங்கின் மாக்எம்விசி என்ற கருவி இருக்கிறதே? அது போதாதா?

பயனுள்ள கருவிதான், வேகமானதும்கூட. கண்ட்ரோலரின் தர்க்கம், சரிபார்ப்பு விதிகள், ஜேசன் வடிவம் ஆகியவற்றை அதில் சோதியுங்கள். ஆனால் அங்கே செர்வ்லெட் கண்டெய்னர், அதாவது செர்வ்லெட்டுகளை ஓட்டும் டாம்கேட் போன்ற சர்வர், ஓடவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கண்டெய்னர் செய்யும் வேலை எதுவும் சோதிக்கப்படுவதில்லை: பிழை ஏற்பட்டால் பிழைப் பக்கத்துக்குத் திருப்புவது, மறுமொழியைச் சுருக்கி அனுப்புவது, மிகப் பெரிய ஹெடரை மறுப்பது, இணைப்பைக் கெடு முடிந்ததும் துண்டிப்பது எல்லாமே கண்டெய்னரின் வேலைகள். உற்பத்திச் சூழலில் நள்ளிரவில் எழுப்பும் பிழைகள் பெரும்பாலும் இந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கின்றன.

ஜெட்டியில் 'லோக்கல்கனெக்டர்' என்று ஒன்று இருக்கிறது. நெட்வொர்க்கைத் தொடாமல், எச்டிடிபி கோரிக்கையை எழுத்து வடிவிலேயே கொடுத்து மறுமொழியையும் அப்படியே வாங்கலாம். கோரிக்கையைப் பிரித்துப் படிக்கும் வேலையை ஜெட்டியே செய்வதால் இது மாக்எம்விசியைவிட ஒரு படி நெருக்கமானது. இருந்தும், ஒவ்வொரு செயலிக்கும் உண்மையான போர்ட் வழியே செல்லும் சில சோதனைகளாவது கட்டாயம் வேண்டும் என்பேன்.

சோதனையில் 'டிரான்ஸாக்ஷனல்' போட்டிருக்கிறேன். ஆனாலும் தரவுத்தளத்தில் குப்பை சேர்கிறது. ஏன்?

உண்மையான போர்ட்டில் சோதிக்கத் தொடங்கும் ஸ்பிரிங் பயனர்கள் அனைவரும் சந்திக்கும் கேள்வி இது.

டிரான்ஸாக்ஷன் ஒரு த்ரெட்டோடு கட்டப்பட்டது. மாக்எம்விசியில் சோதனையும் கண்ட்ரோலரும் ஒரே த்ரெட்டில் ஓடுவதால், சோதனை முடிவில் எல்லாம் பின்வாங்கப்படுகிறது. ரேண்டம்போர்ட்டில் உங்கள் சோதனை ஒரு த்ரெட். கோரிக்கையைக் கையாளும் சர்வர் வேறொரு த்ரெட். சர்வர் தன் டிரான்ஸாக்ஷனைத் தனியாகத் தொடங்கி, தனியாகவே கமிட் செய்துவிடுகிறது. உங்கள் பின்வாங்கல் அதைத் தொடுவதில்லை.

மறுதிசையிலும் இதே கதைதான். சோதனைக்குள் ஒரு பயனரைத் தரவுத்தளத்தில் சேர்த்துவிட்டு, உடனே சர்வரிடம் அந்தப் பயனரைக் கேட்டால் 404 வரும். சோதனையின் டிரான்ஸாக்ஷன் இன்னும் கமிட் ஆகவில்லை. சர்வரின் கண்ணுக்கு அந்த வரிசை இல்லை. இப்படி வரும் 404-ஐப் பார்த்துவிட்டுக் கண்ட்ரோலரில் பிழை தேடிப் பொழுதைக் கழிப்பவர்கள் நிறைய.

தீர்வு: இத்தகைய சோதனைகளில் அந்தக் குறிப்பை நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு அட்டவணைகளைக் காலி செய்யுங்கள். அல்லது ஒவ்வொரு சோதனையும் தனக்கென வேறுபட்ட பயனர்பெயர், மின்னஞ்சல் போன்றவற்றை உருவாக்கிக்கொள்ளட்டும். சோதனைக்குப் பின் அல்லாமல் முன்பு காலி செய்வதில் ஒரு வசதி உண்டு: சோதனை தோற்றால் தரவு அப்படியே இருக்கும், திறந்து பார்க்கலாம்.

ஒவ்வொரு சோதனைக்கும் புதிய சர்வரா, எல்லாவற்றுக்கும் ஒன்றா?

வெறும் ஜெட்டியோ ஜேடிகே சர்வரோ என்றால் தயங்காமல் ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாகத் தொடங்குங்கள். செலவு மிகக் குறைவு. ஸ்பிரிங் பூட்டில் செலவு சர்வரில் இல்லை, முழுச் சூழலையும் எழுப்புவதில் இருக்கிறது. அதனால் ஸ்பிரிங், ஒரே அமைப்புள்ள சோதனைகளுக்கு ஒரே சூழலைத் திரும்பப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு சோதனை கிளாஸிலும் வேறு வேறு மாக் பீன்களையும் (போலி ஆப்ஜெக்டுகள்) அமைப்புகளையும் தூவினால் இந்தப் பயன் கைநழுவிவிடும். ஒவ்வொன்றுக்கும் புதிய சூழல், புதிய சர்வர், அவை எல்லாம் நினைவகத்தில் குவியும். பொதுவான ஓர் அடிப்படை கிளாஸை வைத்துக்கொண்டு அனைத்தையும் அதிலிருந்து எழுதுவது நல்லது. சூழலைத் திரும்பப் பயன்படுத்தாமல் எறியச் சொல்லும் 'டர்ட்டீஸ்கான்டெக்ஸ்ட்' என்ற குறிப்பைப் பார்த்தாலே அது ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் எங்கோ ஒரு ஸ்டாட்டிக் மாறி ஒளிந்திருக்கும்.

சர்வர் தயாராக எத்தனை விநாடி ஸ்லீப் வைக்க வேண்டும்?

வேண்டவே வேண்டாம். இந்தச் சர்வர்களின் ஸ்டார்ட் மெத்தட் திரும்பி வரும்போது போர்ட் திறந்தே இருக்கும். பின்னணியில் நடக்கும் வேறு வேலைக்காகக் காத்திருக்க வேண்டும் என்றால், நிபந்தனை நிறைவேறும்வரை சிறு இடைவெளிகளில் பார்த்து, மொத்தத்துக்கும் ஓர் உச்சக்கெடு வையுங்கள். அவைட்டிலிட்டி நூலகம் இதைத்தான் செய்கிறது.

கோரிக்கை அனுப்ப எதைப் பயன்படுத்துவது?

ஜாவா 11 முதல் ஜேடிகேயில் இருக்கும் எச்டிடிபிகிளையண்ட் போதும். மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள். முதலாவது, அதற்கு இயல்பில் கெடு எதுவும் கிடையாது; இணைப்புக்கும் கோரிக்கைக்கும் நீங்கள்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தொங்கிய ஹேண்ட்லர் முழு பில்டையும் தொங்கவிடும். இரண்டாவது, அது தானாக வழிமாற்றத்தைப் பின்பற்றாது. சோதனைக்கு இது நன்மையே, 302 வந்ததா என்பதை நேராகப் பார்க்கலாம். மூன்றாவது, அது எச்டிடிபி/2-ஐ விரும்பும். மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில்கூட 'அப்கிரேட்' ஹெடரை அனுப்பும். எளிய போலி சர்வரோடு பேசும்போது பதிப்பை 1.1 என்று அமைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

மெதுவான, உடைந்த கோரிக்கைகளை எப்படிச் சோதிப்பது?

நல்ல கிளையண்ட் நூலகத்தால் கெட்ட கோரிக்கையை அனுப்ப முடியாது. இங்கே சாதாரண சாக்கெட்டுக்கு இறங்கி வாருங்கள். சர்வரின் போர்ட்டுக்கு ஒரு சாக்கெட்டைத் திறந்து, கோரிக்கையின் முதல் வரியையும் ஹோஸ்ட் ஹெடரையும் எழுதுங்கள். ஹெடர்கள் முடிந்ததைக் காட்டும் வெற்று வரியை மட்டும் அனுப்பாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெட்டியின் கனெக்டரில் இயல்பான செயலற்ற கெடு 30 விநாடி. சோதனைக்காக அதை 500 மில்லிவிநாடியாகக் குறையுங்கள். பிறகு சாக்கெட்டிலிருந்து படியுங்கள். 408 மறுமொழியோ, இணைப்பு முடிந்ததைக் காட்டும் −1 மதிப்போ வர வேண்டும். எதுவும் வராமல் நின்றால், பாதிக் கோரிக்கைகளை அனுப்பியே உங்கள் சர்வரை ஒருவர் முடக்கிவிட முடியும்.

பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடியும் இந்தச் சோதனை, நீளமான பல சோதனைகளைவிட அதிகம் சொல்லித்தரும்.

என் நிரல் வெளிச் சேவை ஒன்றை அழைக்கிறது. அதைச் சோதனையில் எப்படிப் போலி செய்வது?

கிளையண்ட் கிளாஸை மாக் செய்வதைவிட, அந்தச் சேவையாக நடிக்கும் சிறு சர்வர் ஒன்றைச் சோதனைக்குள்ளேயே ஏற்றுங்கள். ஜேடிகே சர்வரே போதும். விரிவான வசதி வேண்டுமென்றால் வயர்மாக் அல்லது மாக்வெப்சர்வர். இதன் பலன் தோல்விகளைச் சோதிக்கும்போதுதான் தெரியும்: 503 கொடுங்கள், பாதி உடலை அனுப்பிவிட்டு இணைப்பை முறியுங்கள், பத்து விநாடி பேசாமல் இருங்கள். மாக் ஆப்ஜெக்டால் இப்படி நடிக்க முடியாது.

என் கணினியில் சோதனை வெற்றி. பில்ட் சர்வரில் தோல்வி. எங்கே பார்ப்பது?

நிலையான போர்ட் எண் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து 'லோக்கல்ஹோஸ்ட்'. அந்தப் பெயர் சில கணினிகளில் ஐபிவி6 முகவரியான ::1-ஆகவும், சிலவற்றில் 127.0.0.1-ஆகவும் விரியும். சர்வர் ஒன்றில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, கிளையண்ட் மற்றதைத் தட்டினால் இணைப்பு மறுக்கப்படும். இரு பக்கமும் 127.0.0.1 என்றே எழுதிவிடுங்கள்.

எச்டிடிபிஎஸ்ஸைச் சோதிக்கும்போது ஜெட்டி 400 தருகிறது; எஸ்என்ஐ (இணைப்பு தொடங்கும்போதே கிளையண்ட் சொல்லும் ஹோஸ்ட் பெயர்) செல்லாது என்கிறது.

ஜெட்டி 10 முதல், கோரிக்கையில் உள்ள ஹோஸ்ட் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று 'செக்யூர்ரிக்வெஸ்ட்கஸ்டமைசர்' இயல்பாகவே பார்க்கிறது. சான்றிதழில் இல்லாத பெயராலோ வெறும் ஐபி முகவரியாலோ அழைத்தால் மறுத்துவிடும். சோதனைக்கு மட்டும் அந்தச் சரிபார்ப்பை அணைக்கலாம். உற்பத்தியில் அணைக்காதீர்கள். எல்லாச் சான்றிதழையும் நம்பும் டிரஸ்ட் மேனேஜரை எழுதுவது அதைவிட மோசம். அது என்றாவது ஒருநாள் உற்பத்திக்குப் போய்ச் சேரும். 'கீடூல்' மூலம் உருவாக்கிய சோதனைச் சான்றிதழை மட்டும் நம்பும் டிரஸ்ட்ஸ்டோரைக் கிளையண்டுக்குக் கொடுங்கள்.

பதிப்பை உயர்த்தியதும் என் செர்வ்லெட்டுகள் எல்லாம் 404 ஆகிவிட்டன.

2020-இல் வந்த ஜகார்த்தா இஇ 9 என்ற ஜாவா தரநிலைத் தொகுப்பில், 'ஜாவாஎக்ஸ்.செர்வ்லெட்' என்ற பேக்கேஜ் 'ஜகார்த்தா.செர்வ்லெட்' ஆனது. டாம்கேட் 10, ஜெட்டி 11, ஸ்பிரிங் பூட் 3 ஆகியவை புதிய பெயரையே அறியும். பழைய பெயரில் உள்ள குறிப்புகள் அவற்றின் கண்ணில் படுவதே இல்லை. பிழைச் செய்தியும் வராது. உடனே மாற்ற முடியாதவர்களுக்கு ஜெட்டி 12 கைகொடுக்கும்: இஇ8 சூழலில் பழைய பெயரும் இஇ10 சூழலில் புதிய பெயரும் ஒரே சர்வரில் ஓடும். ஜாவா 17 மட்டும் தேவை.

ஐடிஇயில் ஓடுகிறது, ஒற்றை ஜார் கோப்பாகக் கட்டினால் ஓடவில்லை.

மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். வலைப்பக்கக் கோப்புகளைக் கோப்புறைப் பாதையால் தேடுவது: ஜாருக்குள் அப்படி ஒரு பாதையே இல்லை, கிளாஸ்பாத் வழியேதான் எடுக்க வேண்டும். 'மெட்டா-இன்ஃப்/சர்வீசஸ்' கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு அழிவது: மேவன் என்ற பில்ட் கருவியின் ஷேட் பிளகினில் அவற்றை இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்க்க வேண்டும். கையொப்பமிட்ட ஜார்களின் கையொப்பக் கோப்புகள் உள்ளே தங்கிவிடுவது: அவற்றை விலக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றையும் சாதாரணச் சோதனை பிடிக்காது, ஏனென்றால் அது ஜாரைத் தொடுவதில்லை. கட்டி முடித்த ஜாரைத் தனி ப்ராசஸாகத் தொடங்கி, அது கன்சோலில் எழுதும் போர்ட் எண்ணைப் படித்து, முகப்புப் பக்கம் வருகிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு சோதனையை எழுதுங்கள். மேவனில் ஃபெயில்சேஃப் பிளகின் இதற்கு ஏற்ற இடம். ஜார் கட்டப்பட்ட பிறகுதான் அது ஓடும்.

டாக்கருக்குள் ஓடுகிறது, வெளியிலிருந்து எட்டவில்லை.

127.0.0.1-இல் கேட்கிறது, 0.0.0.0-இல் கேட்கச் செய்யுங்கள்.

எத்தனை த்ரெட் வேண்டும்?

ஜெட்டிக்கும் டாம்கேட்டுக்கும் இயல்பான உச்சம் 200. அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள். தரவுத்தளத்துக்கு 10 இணைப்புகள் மட்டுமே இருக்கும்போது த்ரெட்டை 1,000 ஆக்கினால் வரிசை இடம் மாறுமே தவிர குறையாது. ஜாவா 21-இன் வர்ச்சுவல் த்ரெட்டுகளை ஸ்பிரிங் பூட் 3.2 முதல் ஒரே அமைப்பால் இயக்கலாம். ஜாவா 24-க்கு முன் 'சிங்க்ரனைஸ்டு' பகுதிக்குள் காத்திருக்கும் வர்ச்சுவல் த்ரெட், அடியில் உள்ள உண்மையான த்ரெட்டையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

நடுவில் இருக்கும் கோரிக்கைகளைத் துண்டிக்காமல் சர்வரை நிறுத்துவது எப்படி? அதைச் சோதிக்க முடியுமா?

முடியும், சோதித்தே ஆக வேண்டும். புதிய பதிப்பை ஏற்றும் ஒவ்வொரு முறையும் இந்த வழிதான் ஓடுகிறது, ஆனால் சோதனை எழுதப்படாமல் விடப்படுவதும் பெரும்பாலும் இதுதான்.

ஜெட்டி 12-இல் கிரேஸ்ஃபுல்ஹேண்ட்லரை ஹேண்ட்லர்களின் வெளிச்சுற்றில் வைத்து, சர்வரில் 'செட்ஸ்டாப்டைம்அவுட்' மூலம் கெடு கொடுக்க வேண்டும். 'செட்ஸ்டாப்அட்ஷட்டவுன்' அமைத்தால் ஜேவிஎம் அணையும்போது சர்வர் தானே நிற்கும். ஸ்பிரிங் பூட்டில் இந்த வசதி 2.3-இல் வந்தது; 3.4 முதல் அதுவே இயல்பு.

சோதனை இப்படி: இரண்டு கவுண்ட்டவுன்லாட்ச் (திறக்கும்வரை த்ரெட்டைக் காத்திருக்க வைக்கும் தாழ்ப்பாள்) எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்லர் உள்ளே நுழைந்ததும் முதல் லாட்ச்சைத் திறந்துவிட்டு, இரண்டாவது திறக்கும்வரை காத்திருக்கட்டும். சோதனை ஒரு கோரிக்கையை 'செண்ட்அசிங்க்' மூலம் அனுப்பி, முதல் லாட்ச் திறக்கும்வரை காத்திருந்து, வேறொரு த்ரெட்டில் சர்வரை நிறுத்தச் சொல்லும். இப்போது புதிய இணைப்பு மறுக்கப்படும்வரை கெடு வைத்துத் திரும்பத் திரும்ப முயன்று பார்த்து, பிறகு இரண்டாவது லாட்ச்சைத் திறக்க வேண்டும். முதல் கோரிக்கைக்கு 200 வர வேண்டும், நிறுத்தும் த்ரெட்டும் கெடுவுக்குள் முடிய வேண்டும். எங்கும் ஸ்லீப் இல்லை, ஊகம் இல்லை.

டாக்கர் போன்ற கண்டெய்னருக்குள் ஓட்டினால் இன்னும் ஒரு படி இருக்கிறது. டாக்கர் நிறுத்தும்போது முதலில் சிக்டெர்ம் (முடித்துக்கொள்ளச் சொல்லும் சைகை) அனுப்பி, இயல்பாக 10 விநாடி கழித்துச் சிக்கில் (உடனே கொல்லும் சைகை) அனுப்பும். குபர்நெட்டிஸில் அந்த அவகாசம் 30 விநாடி. தொடக்க ஸ்கிரிப்ட் ஜாவாவை 'எக்செக்' இல்லாமல் அழைத்தால் சிக்டெர்ம் ஷெல்லோடு நின்றுவிடும், ஜேவிஎம்முக்குத் தகவலே போகாது. அதைக் கண்டுபிடிக்கக் கண்டெய்னரை நிறுத்திவிட்டு வெளியேற்றக் குறியீட்டைப் பாருங்கள். 143 என்றால் சிக்டெர்ம் கிடைத்து ஜேவிஎம் முடிந்திருக்கிறது. 137 என்றால் அவகாசம் தீர்ந்து கொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் எழுதிய நிறுத்தும் நிரல் ஒரு வரிகூட ஓடாமல் போயிருக்கலாம்.